டிகிண்டர் மெசேஜ்பாக்ஸ்: ‘நோ’ அழுத்தியும் அழிந்த பில்

போன வாரம் டிகிண்டர் (பைத்தானில் விண்டோ, பட்டன் வைத்து ஆப் செய்யும் லைப்ரரி) கற்றுக்கொள்ளும் ஒரு பையனின் கோடைப் பார்த்தேன். திரையில் செய்தியோ கேள்வியோ காட்டும் சின்னப் பெட்டியான மெசேஜ்பாக்ஸில், பல வருடங்களுக்கு முன் நான் செய்த தவறு அப்படியே அதில் இருந்தது. அடைப்புக்குறி விட்டுப்போனால் பைத்தானே சொல்லிவிடும். அது வாய் திறக்காத தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்க்கொஸ்டினை அப்படியே இஃப்-இல் போடுவது

கேள்வி கேட்க வேண்டும் என்றதும் பெயரைப் பார்த்து எல்லோரும் எடுப்பது ஆஸ்க்கொஸ்டின் என்ற ஃபங்ஷன். அது ட்ரூ, ஃபால்ஸ் தராது. ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்ற ஸ்ட்ரிங்கைத் தரும். காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் பைத்தானுக்கு ட்ரூதான். ஆகவே ‘நோ’ வந்தாலும் இஃப்-க்குள் நுழைந்துவிடும்.

ஒரு கடைக்கு பில்லிங் ஆப் செய்து கொடுத்தபோது, பில்லை அழிக்கும் இடத்தில் இதைத்தான் வைத்திருந்தேன். கடைக்காரர் போன் செய்து, “நான் நோதான் தம்பி அழுத்துனேன், பில் போயிடுச்சு” என்றார். கை தவறியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் நேரில் போய், திரும்பி வரும் மதிப்பை பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். திரையில் ‘நோ’ என்று வந்தது. பட்டியலில் பில் இல்லை. அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கார்பன் காப்பியைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். அவர் சொன்னதை நம்பாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

ஆப்பைக் கொடுக்கும் முன் யெஸ் அழுத்திப் பார்த்தேன், அழிந்தது, சரி என்று விட்டுவிட்டேன். நோ அழுத்தி ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தயவுசெய்து நோ அழுத்திப் பாருங்கள்.

இந்த இடத்துக்கு ஏற்றது ஆஸ்க்யெஸ்நோ. அது ட்ரூ, ஃபால்ஸ் தரும். ஆஸ்க்கொஸ்டினே வேண்டுமென்றால் விடையை ‘யெஸ்’ என்ற ஸ்ட்ரிங்கோடு ஒப்பிடுங்கள், எல்லாம் சின்ன எழுத்தில். அப்புறம், அழிக்கும் வேலைக்கு டிஃபால்ட்டாக நோவை வையுங்கள். பில் போடுகிறவர்கள் எண்டரைத் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஆஸ்க்யெஸ்நோகேன்சலில் நன்-ஐ மறப்பது

விண்டோவை மூடும் முன் ‘சேமிக்கவா?’ என்று இதில் கேட்டால் யெஸ், நோ, கேன்சல் மூன்றும் வரும். நோவுக்கு ஃபால்ஸ் வரும், கேன்சலுக்கு நன் (None, ‘மதிப்பு ஏதும் இல்லை’) வரும். ‘இஃப் நாட்’ என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகி, கேன்சல் அழுத்தியவரின் வேலை சேமிக்கப்படாமலே விண்டோ மூடிவிடும். முதலில் ‘இஸ் நன்’ பாருங்கள்.

பேரன்ட் கொடுக்காமல் விடுவது

டாப்லெவலிலிருந்து, அதாவது மெயின் விண்டோ தவிர நீங்கள் திறக்கும் தனி விண்டோவிலிருந்து, கேட்கும் கேள்விக்கு அந்த டாப்லெவலையே பேரன்ட்டாக (பெட்டி எந்த விண்டோவுக்குச் சொந்தம் என்று சொல்லும் ஆப்ஷன்) கொடுங்கள்.

வேறு த்ரெட்டிலிருந்து ஷோஎரர்

பின்னணியில் தனியாக ஓடும் த்ரெட்டிலிருந்து எரர் பெட்டி காட்டுவது வேண்டவே வேண்டாம்.

எதற்கெடுத்தாலும் ஷோஇன்ஃபோ

சேமித்தாயிற்று என்று சொல்ல ஷோஇன்ஃபோவின் தகவல் பெட்டி வேண்டாம், கீழே ஒரு லேபிள் போதும்.