தலைப்பெழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி

தமிழ் விக்கிப்பீடியாவில் சி. வை. தாமோதரம்பிள்ளை கட்டுரையைச் செப்பனிட்டபோது, தலைப்பெழுத்துகளுக்கு இடையே நான் இட்ட இடைவெளியை மற்றொரு பயனர் நீக்கினார். நான் மீண்டும் இட்டேன், அவர் மீண்டும் நீக்கினார். மூன்றாம் முறை கைவைக்காமல், உரையாடல் பக்கத்தில் காரணம் கேட்டேன். கைப்பேசித் திரையில் 'சி.' ஒரு வரியின் கடைசியிலும் 'வை.' அடுத்த வரியின் தொடக்கத்திலும் பிரிந்து நிற்பதாக அவர் விளக்கினார். மேசைக் கணினியிலேயே பார்த்துவந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை; அவர் சொன்னது நியாயமான குறைதான். புள்ளியிடாமல் எழுதப்பட்ட ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய அறிஞரின் பெயர் சிதையக் கூடாது என்ற அக்கறை எங்கள் இருவருக்கும் ஒன்றே.

ஆகவே சாதாரண இடைவெளிக்குப் பதிலாக 'என்பிஎஸ்பி' என்னும், இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழிக் குறியீட்டை இட்டேன். கண்ணுக்கு இடைவெளி தெரியும். ஆனால் உலாவி அவ்விடத்தில் வரியை முறிக்காது. இடைவெளியின்றித் தேடுவோருக்காக கட்டுரைக்குத் தானாகவே கொண்டுசெல்லும் ஒரு வழிமாற்றுப் பக்கமும் அமைத்தோம்.

தாமோதரம்பிள்ளையின் வாழ்நாளைக் குறிக்கும் 1832–1901 என்பதன் நடுவில் வருவது சிறுகோடா, நெடுங்கோடா என்ற வாதம் விரைவில் முடிந்தது: கட்டுரை முழுவதும் நெடுங்கோடே இருக்கட்டும் என்றார், ஒப்புக்கொண்டேன். அதன்பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது சேமிக்கும்போது மாற்றத்தைப் பற்றிக் குறிப்பெழுதும் பெட்டியில், காரணத்தை எழுதியே சேமிக்கிறேன்.