நெல்லு, யூரியா, எக்ஸெல்: பயிர் விவசாய எமிஷன தலைக்கு கணக்கு போடுறது எப்படி?

பயிர் விவசாயத்துல இந்தியா எவ்ளோ எமிஷன் (பூமிய சூடாக்குற வாயு) விடுது பாருங்கன்னு யாராச்சும் சார்ட் ஷேர் பண்ணா டென்ஷன் ஆகாம, எக்ஸெல்ல தலைக்கு வகுத்துப் பாருங்க, அரை மணி நேர வேலைதான்.

முதல்ல டேட்டா. ஐநா உணவு விவசாய அமைப்போட ஃபாவோஸ்டாட் தளத்துல எல்லாம் ஃப்ரீ. அதுல 'எமிஷன்ஸ் டோட்டல்ஸ்' பகுதிக்குப் போய் நாலே நாலு ஐட்டம் மட்டும் டிக் பண்ணுங்க: நெல் சாகுபடி, ரசாயன உரம், வயல்ல விடுற பயிர்க்கழிவு, பயிர்க்கழிவு எரிக்கிறது. ஏற்கனவே கூட்டி வச்சிருக்கற மொத்த ஐட்டம் எதையும் தொடாதீங்க, ஆடு மாடு கணக்கெல்லாம் உள்ள வந்துரும். நாடு எடுக்கும்போது சீனா ரெண்டு மூணு விதமா இருக்கும். வெறும் 'சீனா'ன்னா ஹாங்காங், மக்காவ், தைவான் எல்லாம் சேர்ந்தது, அதையும் 'மெயின்லேண்ட்'டையும் சேர்த்து எடுத்தா ஒரே கணக்கு ரெண்டு தடவ ஏறிடும். மீத்தேன், நைட்ரஸ் ஆக்ஸைடு ரெண்டையும் சிஎஸ்வியா (எக்ஸெல்ல திறக்கற ஃபைல்) இறக்கிக்கோங்க.

அடுத்தது ரெண்டு வாயுவையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரணும். தண்ணி நிக்கிற வயல்ல மண்ணுக்குள்ள காத்து போகாது, அங்க இருக்கற நுண்ணுயிர்தான் மீத்தேன் விடுது, நைட்ரஸ் ஆக்ஸைடு பெரும்பாலும் உரத்துல இருந்தும் மக்குற கழிவுல இருந்தும் வருது. ஐநாவோட காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசியோட அஞ்சாவது அறிக்கைப்படி, 100 வருஷத்துல எவ்ளோ சூடாக்கும்ங்கற கணக்குல மீத்தேன 28-ஆலயும் நைட்ரஸ் ஆக்ஸைட 265-ஆலயும் பெருக்குனா சிஓடூ (கார்பன் டை ஆக்ஸைடு) அளவுக்கு வந்துரும். பழைய கட்டுரைகள்ல 25, 298னு போட்டிருப்பாங்க, அந்த ரிசல்ட்டோட இத கலக்காதீங்க.

இந்த 265 என்ன பண்ணும்னு தெரியணும்னா நம்மூர் 45 கிலோ யூரியா மூட்டைய எடுத்துக்கோங்க. அதுல 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20.7 கிலோ. ஐபிசிசி 2006 விதிப்படி அதுல 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்ஸைடா போகுது, நைட்ரஜன் எடைய நைட்ரஸ் ஆக்ஸைடு எடையா மாத்த 44/28 ஆல பெருக்குனா 0.33 கிலோகூட முழுசா வராது, ஆனா 265 ஆல பெருக்குனதும் சுமார் 86 கிலோ சிஓடூவுக்கு சமம்! மூட்டையோட எடைய விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஃபேக்டரில உரம் தயாரிக்கிற கணக்கு இதுல இல்ல.

மக்கள் தொகையும் அதே தளத்துல இருக்கு, ஆனா ஆயிரத்துல இருக்கும். நான் மொதல்ல இத கவனிக்காம தலைகள்னு நெனச்சு வகுத்து, ஒரு ஆளுக்கு நூத்துக்கணக்கான டன்னு வந்து முழிச்சேன். உண்மையில ரொம்ப வசதி இது: எமிஷன் கிலோடன்ல (ஆயிரம் டன்) இருக்கு, ஆள் ஆயிரத்துல இருக்கு, அப்படியே வகுத்தா நேரா ஒரு ஆளுக்கு எத்தன டன்னுன்னு வந்துரும்.

ஒரு வருஷத்த மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, அஞ்சு வருஷ சராசரி எடுங்க. 2021-ல இலங்கை ரசாயன உர இறக்குமதிய தடை பண்ணுச்சே, அந்த மாதிரி வருஷத்துல எமிஷன் குறைஞ்சிருந்தா அது சாதனை இல்ல, விவசாயி உரம் கெடைக்காம தவிச்சதுதான்.

இப்ப ரிசல்ட்ட பாருங்க. மொத்தத்துல கனடா இந்தியா பக்கத்துலயே வராது, தலைக்கு வகுத்தா கனடா மேல போயிரும். அதுக்காக கனடாக்காரன திட்டவும் முடியாது, அங்க மொத்த ஜனத்தொகையே சுமார் நாலு கோடிதான், விளையிற கோதுமையும் கனோலாவும் (ஒரு எண்ணெய் வித்து) நெறைய ஏற்றுமதி ஆகுது, சாப்பிடறவன் வேற நாட்டுல இருப்பான், கணக்கு மட்டும் விளைஞ்ச நாட்டு மேல ஏறும். அதனால நான் பக்கத்துல இன்னொரு காலம் (நெடுவரிசை) போட்டு ஏற்றுமதி அளவையும் எழுதி வச்சுக்குவேன்.

இன்னொன்னு, நெல்லுக்கான எண்ணு யாரும் வயல்ல அளந்தது இல்ல. நெல் பரப்பளவ ஒரு நிலையான எண்ணால பெருக்குனது. ஒருத்தர் காய்ச்சலும் பாய்ச்சலுமா, அதாவது வயல அப்பப்ப காயவிட்டு தண்ணி கட்டி மீத்தேன கொறச்சிருந்தாலும் உங்க ஷீட்ல அது தெரியவே தெரியாது.