கருத்த பிள்ளைக்குக் காமாலை வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறக்கும் விகிதம் வெள்ளையினக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இதைப் படித்ததும் 'அவங்க ரத்தத்துலயே ஏதோ இருக்கும்' என்று நினைப்பதுதான் முதல் தவறு. வறுமையும், பாகுபாடும், அருகில் கிடைக்கும் மருத்துவமனையின் தரமும் அதில் மறைந்துபோகின்றன.

'நாங்க எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறோம்' என்பது அடுத்தது. சரி, எதை வைத்துப் பார்க்கிறோம்? பிறந்தவுடன் குழந்தையின் நிலையை மதிப்பிட 1953இல் வெளியான அப்கார் மதிப்பெண்ணில், உடம்பு முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தால் நிறத்துக்கு முழு 2. கருத்த குழந்தைக்கு அதைத் தோலில் தேடுவதில் பொருளில்லை. நாக்கையும் ஈறையும் பார்க்க வேண்டும்.

காமாலையில்தான் பெரிய வினை. காரைக்குடிப் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். வெளிச்சம் குறைந்த உள்ளறையில் பிள்ளை கிடக்கும். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியிருப்பார்கள். "நம்ம பிள்ளை கருப்பு, ஒண்ணும் தெரியல" என்பார் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா. தெரியாதுதான். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். மஞ்சள் தெரியவில்லை என்றாலும், பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் காமாலையின் மஞ்சள் நிறமியை அளக்கும் பிலிருபின் பரிசோதனைதான் வழி. முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தட்டினால் உடனே மருத்துவமனை. காலை வெயில் நீல விளக்குச் சிகிச்சைக்கு மாற்று ஆகாது.

எல்லாரையும் ஒரே மாதிரி பார்ப்பதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2004 வழிகாட்டி, காமாலை ஆபத்து குறைவு என்பதற்கான காரணங்களில் கறுப்பினத்தையும் சேர்த்திருந்தது. ஆனால் ரத்தச் சிவப்பணுக்களை எளிதில் உடையச் செய்து காமாலையை முற்ற வைக்கும் ஜி6பிடி என்ற பரம்பரைக் குறைபாடு ஆப்பிரிக்க வம்சாவளியிலும் பரவலாக உண்டு. 2022இல்தான் இனத்தைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். பரிசோதிக்க வேண்டிய இடத்தில் இனத்தை வைத்துக் கணித்ததன் விளைவு இது.

இங்கே இனத்தின் இடத்தில் சாதியும் தெருவும் நிற்கின்றன. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் கூலிக்குப் போகும் தாய் தாமதமாக வந்தால், "இத்தனை நாளா என்ன பண்ணின?" என்று அதட்டல். பேருந்து இருந்ததா, கூலி போகுமா என்று யாரும் கேட்பதில்லை. அதட்டு வாங்கியவர் அடுத்த முறை இன்னும் தாமதமாகத்தான் வருவார். கேட்பதோடு, அரசு மருத்துவமனையில் நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயதுவரை சிகிச்சை, மருந்து, போக்குவரத்து எல்லாமே இலவசம் என்பதையும் பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் அன்றே சொல்லி அனுப்பலாம்.