ஜே/சை குறைந்தால் எல்லாம் பிளாஸ்மா அல்ல: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈயக் கருக்களை உயர் ஆற்றலில் மோதவிட்டால், சார்ம் குவார்க்கும் எதிர்-சார்மும் பிணைந்த ஜே/சை துகள்கள் கணக்குப்படி வர வேண்டியதைவிடக் குறைவாகவே வருகின்றன. குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கட்டவிழ்ந்து திரியும் குவார்க்-குளுவான் பிளாஸ்மாவில் சார்மும் எதிர்-சார்மும் பிணைய முடியாது என்று 1986இல் மட்சுயியும் சாட்ஸும் சொன்னதிலிருந்து, குறைவைக் கண்டதும் பிளாஸ்மாதான் என்று முடிவுகட்டும் அவசரம் பலருக்கு உண்டு. ஆனால் பிளாஸ்மாவை எதிர்பார்க்காத புரோட்டான்-அணுக்கரு மோதலிலும் ஜே/சை குறைகிறது. பிறந்த குவார்க் இணை கருவைக் கடக்கும் வழியில் நியூக்ளியான்களில் (புரோட்டான், நியூட்ரான்) மோதிச் சிதைந்துபோகிறது. இந்தச் சாதாரண உட்கவர்தலைக் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கழிப்பதில்தான் சறுக்கல் அதிகம். கருவின் நியூக்ளியான் அடர்த்தி, குறுக்குவெட்டுப் பரப்பு (மோதிச் சிதையும் வாய்ப்பின் அளவு), கருவுக்குள் கடக்கும் பாதை நீளம் மூன்றையும் பெருக்கி, அதை எதிர்க்குறியுடன் அடுக்குக்குறிச் சார்பில் இட்டால் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு கிடைக்கும். குறுக்குவெட்டை அளக்கும் ஒரு மில்லிபார்ன் 0.1 சதுர ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்). இதை மாற்ற மறப்பவர்கள் ஏராளம். அடர்த்தி கன ஃபெர்மிக்கு 0.17, குறுக்குவெட்டு 4.2 மில்லிபார்ன், பாதை 8 ஃபெர்மி என்றால் பெருக்குத்தொகை 0.57, பிழைப்பது 56 சதவீதம். அலகை மாற்றாவிட்டால் அரை சதவீதம்கூடத் தேறாது.

அந்த 4.2 எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் என்ஏ50 குழு 400, 450 கிகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களில் எடுத்தது அது. ஈயக் கற்றையோ நியூக்ளியானுக்கு 158. என்ஏ60 குழு அதே 158இல் புரோட்டான்களைக் கொண்டு அளந்தபோது ஏறத்தாழ 7.6 மில்லிபார்ன் வந்தது. அதே 8 ஃபெர்மியில் பிழைப்பது 36 சதவீதம்தான். ‘அசாதாரணக் குறைவு’ என்று பேசப்பட்டதில் ஒரு பங்கு இப்படிக் கரைந்துவிட்டது. இத்தகைய எண்ணில் கருவுக்குள் குளுவான் செறிவு மாறுவதன் விளைவும் கலந்திருக்கலாம். அதைத் தனியே இன்னொரு முறை பெருக்கினால் இரட்டைக் கணக்கு.

இந்த எண்களை அப்படியே செர்னின் மிகப் பெரிய முடுக்கியான எல்ஹெச்சிக்குத் தூக்கிச் செல்லக் கூடாது. மேற்கண்ட அளவீடுகள் நடந்த எஸ்பிஎஸ் முடுக்கியின் ஆற்றலில் இரு கருக்களும் ஒன்றையொன்று கடக்க ஒளி சுமார் 1.5 ஃபெர்மி செல்லும் நேரம் ஆகும், எல்ஹெச்சியில் 0.005தான். சார்ம் இணை பிறக்கவே 0.08 ஆவதால், அது ஜே/சையாக உருப்பெறும் முன்பே நியூக்ளியான்கள் விலகிப் போய்விடும். அங்கே கருவுக்குள் குளுவான் செறிவு குறையும் ‘நிழலாக்கம்’தான் முதலில் வர வேண்டும்.

மறுபிணைப்பை விட்டுவிடுவதும் பெரும்பிழை. எல்ஹெச்சியின் மைய மோதலில் சார்ம் இணைகள் பல பத்துக் கணக்கில் பிறக்கின்றன. வெவ்வேறு இணைகளின் குவார்க்குகள் சேர்ந்தும் ஜே/சை உருவாகலாம். குறைந்த குறுக்கு உந்தத்தில் (கற்றைக்குச் செங்குத்தான உந்தம்) எல்ஹெச்சியின் அலிஸ் குழு கண்ட குறைவு, ஆற்றல் குறைந்த அமெரிக்க முடுக்கியான ஆர்எச்ஐசியில் கண்டதைவிடச் சிறியதாக இருப்பதற்கு இதுவே முக்கிய விளக்கம்.

பாட்டம் குவார்க் கொண்ட பி மேசானின் சிதைவிலிருந்து வரும் ஜே/சையை, சிதைவுப் புள்ளி விலகியிருப்பதைக் கொண்டு பிரித்தெடுங்கள். உயர் குறுக்கு உந்தத்தில் அதன் பங்கு பெரிது. சார்ம் இணையின் பிற நிலைகளான கை-சி, சை(2எஸ்) ஆகியவற்றின் சிதைவுகளின் பங்கையும் சேர்த்தே பாருங்கள். இறுக்கம் குறைந்த அவை முதலில் உடைந்தாலே ஜே/சை குறையும். விளிம்பு மோதல்களில் குறுக்கு உந்தம் 0.3 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே தெரியும் ஜே/சை மிகுதி பெரும்பாலும் ஃபோட்டான்வழி உற்பத்தி.

சார்ம் குவார்க் ஒன்றைக் கொண்ட டி மேசான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயர் உந்தத்தில் அவை குறைவதை உட்கவர்தல் என்று எழுதுவது தவறு. சார்ம் குவார்க் அழிவதில்லை. ஊடகத்தில் ஆற்றலை இழந்து தாழ்ந்த உந்தத்துக்கு இறங்குகிறது.