ஜெராக்ஸ் கடை வைக்கும் தம்பிகள் செய்யக்கூடாதவை

பாளையங்கோட்டைப் பக்கம் காலேஜ் அட்மிஷன் நேரத்தில் வருஷாவருஷம் புது ஜெராக்ஸ் கடைகள் முளைக்கும். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனுக் கூட்டத்தை நம்பிக் கடை போடுகிறவர்களும் உண்டு. நாங்கள் தொழில் படித்த காலத்தில் பட்ட பாட்டையே இவர்களும் படுகிறார்கள். சில்லறை வைத்துக்கொள்வது, தாளை நேராக வைப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகப் பழகிவிடும். தானாக வராதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஈரம் ஏறிய பேப்பர்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். ஆனி, ஆடியில் காற்று காய்ந்து கிடக்கும், காப்பி பளிச்சென்று விழும். ஐப்பசியில் மழை பிடித்ததும் எழுத்து அங்கங்கே வெளிறும், தாள் சுருளும், உள்ளே சிக்கும். உடனே மெஷின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

ஜெராக்ஸ் என்ற பெயரே ‘காய்ந்த’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததுதான். அதற்கு முந்தைய போட்டோஸ்டாட் என்ற பிரதி முறையில் தாளை மருந்துத் தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் பேட்டண்ட் பிரிவில் இருந்த செஸ்டர் கார்ல்சன், பிரதி எடுப்பதற்குப் படும் பாட்டில் சலித்துப்போய், 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் வேறு வழி கண்டார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, வெளிச்சம் காட்டி, பொடி தூவி எழுத்தைப் பிடித்தார். மை இல்லை, தண்ணீர் இல்லை.

இன்றைய மெஷினுக்கும் அடிப்படை அதுதான். மெஷினுக்குள் சுழலும் டிரம் என்ற உருளையில் வெளிச்சம் மின்னேற்றத்தால் எழுத்தை வரையும், அதில் டோனர் என்ற பொடி ஒட்டும். தாளுக்குப் பின்னாலிருந்து வரும் மின்னேற்றம் அந்தப் பொடியைத் தாளுக்கு இழுக்கும், அப்புறம் சூட்டில் உருகிப் பிடிக்கும். தாளில் ஈரம் இருந்தால் மின்னேற்றம் கசிந்துவிடும், பொடி முழுசாக வராது. வந்த பொடியும் சரியாகப் பிடிக்காமல், விரலால் தேய்த்தால் உதிரும்.

வண்ணார்பேட்டையில் ஒரு தம்பி முதலில் டோனரை மாற்றினார், பிறகு டிரம்மையே மாற்றினார். எழுத்து வெளிறுவது நிற்கவில்லை. ஒரு பெரியவரின் பத்திர நகலில் சர்வே எண் இருந்த இடம் வெள்ளையாக விழுந்து, மனு திரும்பி வந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது பேப்பர் கட்டுகள் சிமெண்ட் தரையில், ஓதம் ஏறிய சுவரை ஒட்டி, வாய் பிரிந்து கிடந்தன. புதுக் கட்டைப் பிரித்துக் கொஞ்சம் தாள் போட்டதும் எழுத்து கறுகறுவென வந்தது. டிரம்முக்குக் கொடுத்த காசு வீண். அந்தப் பெரியவரின் அலைச்சலுக்கு யார் பதில் சொல்வது?

எழுத்து வெளிறினால் முதலில் புதுக் கட்டிலிருந்து தாள் போட்டுப் பாருங்கள். சர்வீஸ்காரரைக் கூப்பிடுவது அதற்குப் பிறகுதான். கட்டுகளைச் சுவரை விட்டுத் தள்ளி, மரப்பலகை மேல் அடுக்குங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் பிரியுங்கள். மழைக்காலத்தில் ராத்திரி கடை அடைக்கும்போது ட்ரேயில் மிச்சமிருக்கும் தாளை எடுத்துப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வையுங்கள். வெயிலில் காயப்போடுவது இன்னொரு தப்பு. தாள் வளையும், ரொம்பக் காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாக உள்ளே போகும்.

டிரம்

வெளியே எடுத்தால் கறுப்புத் துணியால் மூடுங்கள். விரல் படக்கூடாது.

கொட்டிய டோனர்

அது பிளாஸ்டிக் பொடி. வெந்நீர் பட்டால் துணியோடு பிடித்துக்கொள்ளும். உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள்.

லேமினேஷன்

ஏடிஎம் சீட்டு, வழவழப்பான இசிஜி தாள் எல்லாம் சூடு பட்டால் கறுப்பவை. லேமினேஷனுக்குள் விட்டால் கருகருவென வெளியே வரும். முதலில் காப்பி எடுத்து, அந்தக் காப்பிக்குப் போடுங்கள். மூலப் பத்திரம், மார்க் ஷீட் கொண்டுவந்து லேமினேஷன் கேட்டாலும் அப்படித்தான். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் உரிக்க முடியாது.