அழிப்புப் பட்டியலில் கையெழுத்திடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பின் ஆயுள், அதைப் பைசல் செய்யும் (முடித்துவைக்கும்) அன்றே முடிவாகிவிடுகிறது. கோப்பில் குறிக்கும் வகை ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருக்க வேண்டும், மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். பதிவறைக்குப் போன பிறகு அந்த எழுத்தைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் பெரும்பாலான தவறுகள் கோப்பைக் கையாண்ட பிரிவிலேயே தொடங்குகின்றன.

பொருள் வரியைப் படித்துவிட்டு வகை குறிப்பதுதான் இவற்றில் மோசமானது. ‘பாதை கோரும் மனு, நிராகரிப்பு’ என்றிருந்தால் கை தானாக ஓ.மு. என்று எழுதிவிடும். கோப்பைப் புரட்டினால் கிராம நிர்வாக அலுவலர் வாங்கிய அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், நில அளவர் பென்சிலில் போட்ட வரைபடம், வருவாய் ஆய்வாளரின் தல ஆய்வுக் குறிப்பு எல்லாம் இருக்கும். பல வருடம் கழித்து அதே தகராறு சிவில் கோர்ட்டுக்குப் போகும்போது, அங்கே வண்டித்தடம் இருந்ததா என்று சொல்ல வேறு காகிதமே இருக்காது. மனு தள்ளுபடியானதால் அதற்குள் இருக்கும் சான்றும் தள்ளுபடியாகிவிடாது. கடைசிப் பக்கம் வரை புரட்டாமல் வகை குறிக்காதீர்கள்.

ஆண்டுக் கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். மேலட்டையில், கோப்பு தொடங்கியபோது இட்ட 2019-ஆம் ஆண்டு ந.க. எண் இருக்கும், பைசலானது 2023-இல் இருக்கும். எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டால் நான்கு வருடம் முன்னதாகவே கோப்பு போய்விடும். மத்திய அரசு அலுவலகங்களில் இது இன்னும் நுட்பம்: குறிப்பிட்ட காலம் மட்டும் வைக்கும் ‘சி’ வகைக் கோப்புகளுக்கு முடித்த ஆண்டிலிருந்தும், நிரந்தரமாக வைக்கும் ‘ஏ’, ‘பி’ வகைகளுக்குத் தொடங்கிய ஆண்டிலிருந்தும் மறு ஆய்வுக் காலம் எண்ணப்படும்.

காலம் முடிந்துவிட்டது என்பது மட்டுமே அழிக்கப் போதுமான காரணம் ஆகாது. வழக்கு நிலுவை, தணிக்கைத் தடை, துறை விசாரணை, தகவல் உரிமை மனு, மேல்முறையீடு இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்கப்பட்ட தகவலை அழித்துவிட்டால், தகவல் உரிமைச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி பொதுத் தகவல் அலுவலர் சொந்தப் பணத்திலிருந்து 25,000 ரூபாய் வரை தண்டம் கட்ட நேரிடும்.

அடுத்து, அழிப்புப் பட்டியல். ‘இதர கோப்புகள், ஒரு கட்டு’ என்று ஒரு வரி வந்தால் அதைத் திருப்பி அனுப்புவதுதான் ஒப்புதல் அளிக்கும் அலுவலரின் வேலை. எண், ஆண்டு, பொருள், வகை நான்கும் தனித்தனியாக வேண்டும். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு மூன்று கோப்புகளையாவது எடுத்து வரச்சொல்லிப் பாருங்கள்.

நமக்கு வேலையில்லாத காகிதம் யாருக்கும் வேலையில்லாதது என்று நினைப்பதன் விலையை பிரிட்டன் காட்டியது. கரீபியன் தீவுகளிலிருந்து 1950, 60-களில் வந்து இறங்கியவர்களின் வருகைச் சீட்டுகளை அந்நாட்டு உள்துறை 2010-இல் அழித்தது. சட்டப்படி குடியேறி அங்கேயே முதுமையடைந்தவர்கள், எப்போது வந்தோம் என்று காட்ட வழியில்லாமல் வேலையும் வீடும் மருத்துவமும் இழந்த கதைகள் 2018-இல் வெடித்தன. நம் ஊரில் பணிப்பதிவேடும் பட்டா மாறுதல் கோப்பும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

ஸ்கேன் செய்தாயிற்று, மூலத்தைத் தூக்கிவிடலாம் என்பதும் அவசரம். பக்கத்தின் பின்புறக் குறிப்பு, மடித்து வைத்த வரைபடம், ஓரத்துச் சுருக்கொப்பம் இவைதான் ஸ்கேனில் விடுபடும். பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுச் சான்று எழுதிய பிறகு, அதுவும் நிரந்தர வகை அல்லாதவற்றுக்கு மட்டும், அழிப்பைப் பற்றிப் பேசலாம். பழைய காகிதமென்றால் முதலில் ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், 1892-க்கு முந்தைய ஆவணத்தை, பயன்படவே முடியாதபடி சிதைந்திருந்தாலொழிய அழிக்க விடுவதில்லை. விதியை மீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை.

பயந்துகொண்டு எதையுமே கழிக்காமல் விடுவதும் தவறுதான். இடமில்லாமல் தரையில் அடுக்கிய கட்டுகளில் கரையானும் மழைத் தண்ணீரும் வகை பார்ப்பதில்லை; ஓ.மு.வோடு சேர்ந்து நி.மு.வும் போகும்.

ஒப்புதல் வந்ததும் கட்டோடு எடைக்குப் போடாதீர்கள். ஆதார் நகல், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கும். பொறுப்பு அலுவலர் முன்னிலையில் துண்டாக்கியோ எரித்தோ முடித்து, தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். அந்த அழிப்புப் பட்டியலை மட்டும் நிரந்தரமாக வையுங்கள். நாளைக்கு ஒருவர் வந்து தன் கோப்பு எங்கே என்று கேட்டால், ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லாமல் எந்தத் தேதியில், யார் ஒப்புதலில் கழிக்கப்பட்டது என்று எழுதித் தர அது ஒன்றுதான் இருக்கும்.