ஸ்க்ரோல் சாவில் முதல் வேலை: தமிழ் எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை

மரப்பலகையில் வளைவான வடிவங்களை அறுக்கும் ஸ்க்ரோல் சா இயந்திரத்தை வாங்கும் பலர் முதல் நாளே மயிலையும் தேரையும் அறுக்கப் பார்க்கிறார்கள். பிளேடுகள் வரிசையாக உடைகின்றன, கோடு எங்கோ போகிறது, மாதக் கடைசிக்குள் இயந்திரத்தின்மேல் துணி விழுந்துவிடுகிறது. இயந்திரத்தைக் குறை சொல்வதற்கில்லை. அறுப்பது பிளேடின் வேலை, கட்டையைத் திருப்பிக் கொடுப்பது மட்டுமே நம் வேலை. தையல் இயந்திரத்தில் ஊசி தன் இடத்திலேயே ஏறி இறங்க, துணியை நாம் திருப்புகிறோம் அல்லவா, அப்படி. இதைக் கை நம்புவதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

பழகுவதற்குத் தமிழ் எழுத்தைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை. வளைவு, சுழி, மூலை, உள்ளே மூடிய ஓட்டை என எல்லாமே ஒரு சொல்லுக்குள் வந்துவிடும். இங்கே ‘அன்பகம்’ என்ற வீட்டுப் பெயரை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கு வேறு பெயர் என்றாலும் முறை இதேதான்.

இயந்திரமும் பிளேடும்

கடையில் ‘ஜிக்சா’ என்று ஒன்றைக் காட்டினால் வாங்கிவிடாதீர்கள். அது கையில் பிடித்துக் கட்டையின்மேல் ஓட்டுவது. தச்சர்கள் பிளைவுட்டில் சிங்க் தொட்டிக்கு இடம் அறுப்பார்களே, அந்தக் கருவி. ஸ்க்ரோல் சா மேசைமேல் நிற்கும். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கைகள், நடுவே 5 அங்குல நீளத்தில் மெல்லிய பிளேடு. வீட்டுக்கு 16 அங்குல இயந்திரம் போதும். பிளேடுக்கும் பின்னால் உள்ள தூணுக்கும் இடையிலான தூரம்தான் அந்த 16 அங்குலம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவை நிமிடத்துக்கு 400 முதல் 1600 முறை வரை ஏறி இறங்கும்.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பிளேடு மாட்டும் விதம். சில இயந்திரங்கள் இரு முனையிலும் குறுக்கு ஊசி வைத்த பிளேடை மட்டுமே ஏற்கும். அந்த ஊசி நுழைய 5 மி.மீ. அளவுக்காவது துளை போட வேண்டும். ‘ன’வின் தொடக்கச் சுழிக்குள் அவ்வளவு பெரிய துளை போட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஊசியில்லாத பிளேடுக்கு 2 மி.மீ. துளையே தாராளம். ஆகவே ஊசியில்லாத பிளேடையும் ஏற்கும் இயந்திரமாக வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பிளேடுகள் எண் வைத்து விற்கப்படுகின்றன. எண் ஏற ஏறப் பிளேடு தடிக்கும். நம் வேலைக்கு 5ஆம் எண், தலைகீழ்ப் பல் வகை. இதில் பற்கள் எல்லாம் கீழ்நோக்கி இருக்க, அடியில் உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். அதனால் கட்டையின் அடிப்புறம் பிசிறு தட்டாது. ஒரு டஜன் வாங்கிவிடுங்கள், உடையத்தான் செய்யும்.

இயந்திரத்தைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். அதிர்வு பாதியாகக் குறையும்.

எந்தக் கட்டை

பழகுவதற்கு 12 மி.மீ. பிளைவுட். மெல்லிய பலகை எளிது என்று 3 மி.மீ.யில் தொடங்குகிறவர்கள் உண்டு. உண்மையில் அதில் பிளேடு ஓடுகிற வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது. தடித்த கட்டை மெதுவாக அறுபடும், தவறு தெரிந்து திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். கை பழகிய பின் மரப்பட்டறையில் தேக்குத் துண்டு கேளுங்கள். கதவு, ஜன்னல் செய்து மிஞ்சியது சாக்குக் கணக்கில் கிடக்கும். ஆனால் தேக்கில் மணற்சத்து உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கும். அறுத்த எழுத்துகளை ஒட்டிவைக்கும் பின்பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட் போதும். வெளிச்சுவரில் மாட்டுவதென்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள நீர் தாங்கும் ரகமாக இருக்கட்டும்.

எழுத்தைத் தயார் செய்தல்

பாதி வேலை இங்கே முடிந்துவிடுகிறது; அவசரப்படாதீர்கள். கணினியில் தடித்த எழுத்துருவில் ‘அன்பகம்’ என்று அடித்து, எழுத்தின் உயரம் 75 மி.மீ. வருமாறு பெரிதாக்குங்கள். கோட்டின் தடிமன் எந்த இடத்திலும் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே போனால் பிளைவுட்டின் அடுக்குகள் உரிந்து வரும். மெல்லிசும் தடிப்புமாக மாறி மாறி வரும் அழகிய எழுத்துருக்கள் திருமண அழைப்பிதழுக்கு நன்றாக இருக்கும், இங்கே உதவாது. இரண்டு பிரதி அச்செடுங்கள்.

இப்போது அச்சை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அ, ன, க, ம நான்கிலும் நான்கு பக்கமும் மூடிய ஓட்டை இருக்கும். ‘ப’ மட்டும் மேலே திறந்தது, அதனால் முதலில் அதையே அறுக்கப் போகிறோம். எழுத்துருவைப் பொறுத்து ஓட்டைகளின் எண்ணிக்கை கூடலாம், குறையலாம். பென்சிலால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டால் பின்னால் எதுவும் விடுபடாது.

அடுத்தது ‘ன்’, ‘ம்’ இரண்டின் தலையில் இருக்கும் புள்ளி. எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்பதால் அறுத்தவுடன் விழுந்துவிடும். புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தோடு உரசவைக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்துக்குக் கொம்பு முளைத்தது போலத் தெரியும், எனக்குப் பிடிக்காது. பின்பலகையில் தனியாக ஒட்டுவதே சரி. ஆனால் 10 மி.மீ. வட்டத்தை ஸ்க்ரோல் சாவில் அறுக்கப் போகாதீர்கள். அவ்வளவு சிறியதை விரலால் பிடிக்க முடியாது, பிடித்தாலும் மேசையின் நடு ஓட்டை வழியாக உள்ளே போய்விடும். 10 மி.மீ. உருட்டுக் குச்சி ஒன்றை வாங்கிக் கைவாளால் 12 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டு நறுக்குங்கள். புள்ளி தயார்.

ஒட்டுதல்

பலகையை எழுத்துக்கு ஒன்றாகச் சிறு துண்டுகளாக அறுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 20 மி.மீ. இடம் விட்டால் விரல் வைக்க வசதி. ஒவ்வொரு துண்டின் முகத்திலும் முதலில் மாஸ்க்கிங் டேப்பை வரிசையாக ஒட்டி, அதன்மேல் பசைக்குச்சி தடவி அச்செடுத்த தாளை ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் டேப்போடு தாளும் உரிந்து வந்துவிடும். தாளை நேராகக் கட்டையில் ஒட்டியவர்கள் சுரண்டிச் சுரண்டியே ஒரு மாலையைத் தொலைப்பார்கள். தேக்கு மாதிரி கடின மரமென்றால் தாளுக்கு மேல் பளபளக்கும் பேக்கிங் டேப் ஒரு அடுக்கு ஒட்டுங்கள். அறுக்கும் ஓரம் கருகுவது வெகுவாகக் குறையும்.

பெருக்கல் குறியிட்ட இடங்களில் 2 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். அடியில் ஒரு கழிவுப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். துளையின் அடிப்புறம் பிசிறு எழும்பியிருந்தால் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. அது இருந்தால் கட்டை மேசையில் ஆடும்.

பிளேடை மாட்டி இறுக்குதல்

விரலைப் பிளேடின் பல்மீது வைத்து மெல்ல மேல்நோக்கி நகர்த்துங்கள். பிடித்தால் பற்கள் கீழ்நோக்கி இருக்கின்றன, சரி. வழுக்கிக்கொண்டு போனால் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். அப்படியே ஓட்டினால் கட்டை துள்ளும். இதை இயந்திரம் ஓடாதபோது, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இறுக்கத்துக்குக் காதுதான் அளவுகோல். விரல் நுனியால் பிளேடை மீட்டிப் பாருங்கள். கணீரென்று மேல் சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னும் முறுக்குங்கள். பக்கவாட்டில் விரலால் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் அசையக் கூடாது. தளர்ந்த பிளேடு வளைவில் வயிறு தள்ளும். மேலே கோட்டின் மீதே போயிருப்பீர்கள், திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் எழுத்து வேறு வடிவத்தில் இருக்கும்.

மேசை பிளேடுக்குச் செங்குத்தா என்பதை மேசையின் அடியில் உள்ள அளவுகோலை நம்பி முடிவு செய்யாதீர்கள். தடித்த கழிவுக் கட்டையில் முன்பக்கமிருந்து சிறு வெட்டு ஒன்று போடுங்கள். இயந்திரத்தை நிறுத்தி, கட்டையைப் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய் அதே வெட்டைப் பிளேடின் முதுகில் பொருத்திப் பாருங்கள். தடையில்லாமல் உட்கார்ந்தால் செங்குத்து. சாய்ந்து முட்டினால் மேசையைத் திருத்துங்கள்.

இனி அறுக்கலாம்

பாதுகாப்புக் கண்ணாடி, என்95 முகக்கவசம் இரண்டும் கட்டாயம். பிளைவுட் தூளும் தேக்குத் தூளும் மூச்சுக்கு ஆகாதவை. தேக்குத் தூள் சிலருக்குத் தோலிலும் அரிப்பு தரும். துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் அருகில் வர வேண்டாம். விரல் ஒருபோதும் பிளேடுக்கு நேர் முன்னால் இருக்கக் கூடாது.

எழுத்துக்கு முன் கழிவுப் பலகையில் ஒரு நேர்கோடு போட்டு அறுத்துப் பாருங்கள். நேராகத் தள்ளினாலும் பிளேடு ஒரு பக்கமாக, பெரும்பாலும் வலப்பக்கமாக, இழுக்கும். இதற்குப் பயப்பட வேண்டாம். பிளேடைத் தகட்டிலிருந்து அடித்தெடுக்கும்போது ஒரு ஓரத்தில் பிசிறு நிற்கிறது, அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கிறது. கட்டையை எவ்வளவு சாய்த்துப் பிடித்தால் கோட்டில் போகிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சாய்விலேயே தொடருங்கள். அதற்கேற்ப நாற்காலியையும் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டால் தோள் வலிக்காது.

வேகத்தைப் பாதியில் வைத்து ‘ப’வைத் தொடங்குங்கள். இரு கையின் விரல்களும் கட்டையை மேசையோடு சேர்த்து அழுத்த வேண்டும், முன்னே தள்ளுவது அதைவிட மென்மையாக இருக்க வேண்டும். கண் பிளேடின் மீது வேண்டாம், அதற்குச் சற்று முன்னால் வரப்போகும் கோட்டின்மீது இருக்கட்டும். பிளேடு பின்னோக்கி வளைவது தெரிந்தால் நீங்கள் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். கையை விட்டுக்கொடுங்கள்.

மூலைதான் கொஞ்சம் வித்தை. ‘ப’வின் வெளிமூலையில் கோட்டைத் தாண்டிக் கழிவுப் பகுதிக்குள் போய், ஒரு சிறு வளையம் சுற்றி, அடுத்த கோட்டில் வந்து சேருங்கள். மூலை ஊசியாக நிற்கும். உள்மூலையில் வளையம் சுற்ற இடமில்லை. அங்கே மூலை வரை வந்து தள்ளுவதை நிறுத்துங்கள், இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கட்டையை ஒரு மயிரிழை உங்கள் பக்கம் இழுத்தால் பிளேடின் பல்லில்லாத முதுகு கட்டையில் சாயும். அந்த நிலையிலேயே கட்டையைச் சட்டென்று திருப்புங்கள். கழிவுப் பலகையில் சில முறை செய்து பார்த்தால் கைக்கு வந்துவிடும்.

மற்ற எழுத்துகளில் உள் ஓட்டை முதலில், வெளிக்கோடு கடைசியில். வெளியே முதலில் அறுத்துவிட்டால் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. பிளேடின் மேல்முனையைக் கழற்றி, கட்டையின் துளைக்குள் அடியிலிருந்து நுழைத்து, மறுபடி மாட்டி இறுக்குங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் இதைச் செய்ய வேண்டும். அலுப்புத்தான், வேறு வழியில்லை. ‘அ’வின் சுழியில் வளைவு நெருங்கும்போது வேகத்தைக் கூட்டாமல் திருப்புவதை மட்டும் நிதானமாக்குங்கள்.

பிளேடு உடைந்தால் டப்பென்று சத்தம் வரும், மேல்கையில் மாட்டிய துண்டு தொடர்ந்து ஏறி இறங்கும். கையை எடுத்துவிட்டு இயந்திரத்தை நிறுத்துங்கள். உடையாமலே மழுங்கிய பிளேடை மாற்றத் தயங்குபவர்கள்தான் அதிகம். ஓரம் கருகினாலோ கை தானாக அழுத்தத் தொடங்கினாலோ அதன் ஆயுள் முடிந்தது.

முடிப்பு வேலை

டேப்பை உரித்து, 120, 180, 240 எண் உப்புத்தாள்களால் அந்த வரிசையில் தேயுங்கள். சுழிகளுக்குள் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் தேய்க்கலாம். வெளியில் மாட்டும் பலகைக்குப் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு இரண்டு முறை அடியுங்கள். உள்ளறைக்கு ஆளிவிதை எண்ணெய் போதும், ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்து வெளியில் காயவிட்டு எறியுங்கள். எழுத்தின் பின்முகத்தில் மட்டும் பூச்சு வேண்டாம், பசை பிடிக்காது. தேக்கென்றால் அந்த முகத்தைத் தின்னரால் துடைத்து எண்ணெய்ப்பசையை நீக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிரதி இப்போதுதான் வேலைக்கு வருகிறது. கார்பன் தாள் வைத்துப் பின்பலகையில் எழுத்துகளின் இடத்தை வரைந்து, நீர் தாங்கும் பசையால் ஒவ்வொன்றாக ஒட்டி, மேலே கனம் வைத்து ஒரு இரவு விடுங்கள். புள்ளிகளைக் கடைசியில் ஒட்டுங்கள். சுவரில் மாட்டும்போது பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒவ்வொரு திருகிலும் ஒரு வாஷர் போடுங்கள். அந்த இடைவெளி இருந்தால் மழைத்தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும்.